இலவச மனையில் எழுந்த விளையாட்டு அகப்பக்கங்கள்



தமிழ்ப்பள்ளி ஒன்றின் காற்பந்துக் குழு மாவட்டப் போட்டியில் மூன்றாம் நிலை பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செய்தி எங்கே பதிவாகும்? நாளிதழில் இடம் கிடைத்தால் அது நற்பேறு. பள்ளி ஆண்டிதழ் வெளிவந்தால் ஒரு குழுப்படம் இருக்கும். கேடயம் தலைமையாசிரியர் அறையின் கண்ணாடிப் பேழைக்குள் போய்விடும். வெயிலில் ஓடிய பிள்ளைகளின் பெயர்கள் அக்கேடயத்தில் பொறிக்கப்படுவதில்லை. பத்தாண்டு கழித்து, அந்த ஆண்டில் யார் யார் ஆடினார்கள், எத்தனை கோல் போட்டார்கள் என்று கேட்டால், ஓர் ஆசிரியரின் நினைவைத் தவிர வேறு சான்று இராது.

இந்த வெற்றிடத்தில்தான் இலவச அகப்பக்கம் நுழைந்தது. 1990களின் பிற்பாதி தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், உலகின் பல நாடுகளில் சிறுவர் விளையாட்டுக் குழுக்கள் காசு கொடுக்காமல் இணையத்தில் தமக்கென ஒரு மூலையை அமைத்துக்கொண்டன. பயிற்றுநரோ, ஓர் ஆசிரியரோ, கணினி தெரிந்த ஒரு தந்தையோ இரண்டு மூன்று இரவுகள் கண்விழித்து அதைக் கட்டியிருப்பார். அவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை. அவை எப்படித் தோன்றின, யார் செலவில் நின்றன, ஏன் மறைந்தன என்னும் வரலாற்றை நாம் அறிந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. நம் பள்ளிகளில் அதே வேலை இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இடங்களின் பெயர்கள்தாம் மாறியிருக்கின்றன.

மனை கொடுத்தவர்கள்

வையவிரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ பணியாற்றிய செர்ன் ஆய்வுக்கூடம், 1993 ஏப்ரல் 30ஆம் நாள் அதன் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அன்றுமுதல் பக்கம் எழுதுவதற்குக் காசு வேண்டியதில்லை. ஆயினும் எழுதிய பக்கத்தை இரவும் பகலும் இயங்கும் ஒரு வழங்கிக் கணினியில் ஏற்றி வைத்தால்தான் பிறர் பார்க்க முடியும். அந்த வழங்கிக்குத்தான் செலவு. பல்கலைக்கழகங்களும் பெருநிறுவனங்களும் அச்செலவைத் தாங்கின. ஒரு தொடக்கப்பள்ளியின் வலைப்பந்துக் குழு தாங்குமா?

1994ஆம் ஆண்டின் இறுதியில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்னும் இருவர் கலிபோர்னியாவில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினர். அடுத்த ஆண்டு அதுவே ஜியோசிட்டீஸ் என்று பெயர் பெற்றது. அவர்கள் செய்த புதுமை எளியது. இணையத்தை ஒரு நகரமாகக் கற்பனை செய்து, அதனைப் பேட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பேட்டையிலும் எண்ணிட்ட மனைகளை வருவோருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தனர். கல்வி, தத்துவம் பற்றி எழுதுவோருக்கு ஏதென்சு. சிறுவர்களுக்கு மந்திரவனம் என்று பொருள்படும் பேட்டை. விளையாட்டுக்கு உரோமாபுரியின் அரங்கப் பெயரான கொலோசியம். கொலோசியம் நிறைந்தபோது அதற்குள்ளேயே திடல், அரங்கம் என்று புறநகர்கள் எழுந்தன. ஒரு சிறுவர் குழுவின் முகவரியில் பேட்டையின் பெயரும் நான்கிலக்க வீட்டெண்ணும் இருக்கும். நம் தோட்டப்புற லயன் வீடுகளுக்கும் இப்படித்தான் எண்கள் இருந்தன என்று அந்நாளில் நண்பர் ஒருவர் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வருகிறது.

ஒவ்வொரு பேட்டையிலும் தன்னார்வத் தொண்டர்கள் இருந்தனர். புதிதாக வந்தவருக்கு எச்.டி.எம்.எல். குறியீடு சொல்லிக்கொடுப்பதும், ஒவ்வாதவற்றைப் பற்றி நிருவாகத்திற்குத் தெரிவிப்பதும் அவர்கள் பணி. ஊதியம் கிடையாது. இன்றைய சமூக ஊடகங்களில் நாம் காணாத ஒரு பண்பு அது. இங்குக் குறிப்பிட்டுச் சொல்லத் தக்கது.

இதே காலத்தில் டிரைபாட், ஏஞ்சல்ஃபயர் போன்றவையும் இலவச இடம் கொடுத்தன. அமெரிக்காவில் ஈடீம்ஸ் என்ற தளம் சிறுவர் விளையாட்டுக் குழுக்களுக்கென்றே அமைந்தது. ஆட்ட அட்டவணை, முடிவுகள், ஆட்டக்காரர் பட்டியல் ஆகியவற்றுக்கு ஆயத்தக் கட்டங்கள் அதில் இருந்தன. 2001இல் தோன்றிய ஃப்ரீவெப்ஸ், குறியீடு எதுவும் தெரியாதவரும் பக்கம் கட்டலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது.

இலவசம் என்றால் யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்றுதானே பொருள்? கொடுத்தவர் விளம்பரக்காரர். குழுவின் பக்கத்தைப் பாட்டியும் மாமாவும் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விளம்பரம் தோன்றும். பார்வைகளின் எண்ணிக்கை நிறுவனத்தின் மதிப்பாகும். 1999 சனவரியில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீசை ஏறக்குறைய 350 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. அந்தப் பெருந்தொகைக்குள் எத்தனையோ சிறுவர் குழுக்களின் மங்கலான படங்களும் அடங்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

திடீரென்று முன்னால் குதித்து மறைக்கும் தனிச்சாளர விளம்பரத்தின் கதையும் இவ்விடத்திற்கு உரியது. டிரைபாட்டில் பணியாற்றிய ஈத்தன் சக்கர்மேன் என்பவர்தாம் அதற்கான நிரலை எழுதினார். ஒரு மகிழுந்து நிறுவனத்தின் விளம்பரம் ஒவ்வாத பக்கமொன்றில் தோன்றிவிட்டது. விளம்பரம் பயனரின் பக்கத்தோடு ஒட்டியிராமல் வேறு சாளரத்தில் தோன்றினால் நிறுவனத்திற்கு இழுக்கில்லை என்று கருதி அவ்வாறு செய்தார்கள். 2014இல் அவர் ஓர் இதழில் எழுதிய கட்டுரையில் இதற்காக மன்னிப்புக் கேட்டார். விளம்பரக்காரரின் மானம் காக்கப்பட்டது. பத்து வயதுப் பிள்ளை தன் குழுவின் பக்கத்தைத் திறக்கும்போது எந்தச் சாளரம் குதிக்கும் என்பதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை.

நம் மண்ணில்

மலேசியாவில் சாரிங் இணையச் சேவை 1992 முதலும், டி.எம்.நெட் 1996 முதலும் இயங்கின. அரசாங்கத்தின் விவேகப் பள்ளி முன்னோடித் திட்டம் 1999இல் தொடங்கியபோது அதில் சேர்க்கப்பட்ட பள்ளிகள் நாடு முழுதும் நூற்றுக்கும் குறைவு. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவற்றின் கணினிக்கூடம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முயற்சியால் வந்தது. சிலவற்றில் கணினிக்கூடமே இல்லை. அகப்பக்கம் அமைத்த ஆசிரியர்கள் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் அமைத்தனர். ஒரு படத்தை ஏற்றி முடிப்பதற்குள் வீட்டுக்கு அழைப்பு வந்தால் எல்லாம் முதலிலிருந்து. படமும் எளிதில் கிடைக்காது. சுருள் தீர்ந்து, கடையில் கழுவி, அச்சிட்ட படத்தை வருடியில் இட்டு, அளவு குறைத்து ஏற்றவேண்டும். யாஹூவின் கீழ் ஜியோசிட்டீஸ் கொடுத்த மொத்த இலவச இடமே 15 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் நான்கைந்து படங்களுக்கே அது போதாது. ஒரு மணிநேரத்தில் இவ்வளவுதான் பார்க்கலாம் என்ற வரம்பு வேறு இருந்தது. உறவினர் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால் பக்கம் சிறிது நேரம் மூடிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஒரு பக்கம் அமைத்தபின், அதில் தமிழில் எழுதுவது எப்படி என்ற கேள்வி எழும். நம் கதை பிறருடைய கதையிலிருந்து பிரியும் இடம் இதுவே.

இணையத்தில் தமிழ் ஏறியது நமக்கு அண்டையில்தான். சிங்கப்பூரின் தேசியக் கல்விக்கழக விரிவுரையாளரும் சிறுகதை எழுத்தாளருமாகிய நா.கோவிந்தசாமி அவர்கள், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தான் தின் வீ முதலியோருடன் இணைந்து, அந்நாட்டுக் கவிதைகளை நான்கு மொழிகளிலும் வலையேற்றும் திட்டத்தில் தமிழைக் கொண்டுவந்தார். 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் தெங் சியோங் அதனைத் தொடக்கிவைத்தார். ஒரு தமிழாசிரியர் செய்த பணி அது. 1999இல் அவர் மறைந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்களின் முரசு அஞ்சல் தமிழ்த் தட்டச்சை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுசேர்த்தது.

ஆனால் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒருவர் முரசில் எழுதியதை வேறோர் எழுத்துரு உடையவர் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அவற்றின்மேல் புள்ளியும் கோடுமாகக் கலங்கித் தோன்றும். திஸ்கி என்ற பொதுக் குறியீடு அறிஞர்களின் மின்னஞ்சல் குழுக்களில் பேசப்பட்டு உருவானது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு தாப், தாம் என்ற வேறிரு குறியீடுகளை ஏற்றது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பள்ளிகளில் இருந்த விண்டோஸ் 98 கணினிகள் அதனைக் காட்டுவதற்கு ஆயத்தமாக இல்லை.

ஆகவே அந்நாளில் தமிழ்ப்பள்ளிக் குழுவின் பக்கம் அமைத்தவருக்கு மூன்று வழிகள் இருந்தன. "இந்த எழுத்துருவைப் பதிவிறக்கிக்கொள்க" என்று மேலே ஓர் அறிவிப்பு வைப்பது ஒன்று. எத்தனை பெற்றோர் அதைச் செய்வார்கள்? பக்கத்தோடு தானே இறங்கிவரும் இயங்கு எழுத்துருவைப் பயன்படுத்துவது மற்றொன்று. மைக்ரோசாப்ட் வகை இயங்கு எழுத்துரு குறிப்பிட்ட முகவரியோடு பிணைக்கப்பட்டிருக்கும்; தளத்தை வேறிடத்திற்கு மாற்றினால் எழுத்துரு வேலை செய்யாது. மூன்றாவது வழியைத்தான் பலரும் கையாண்டனர். தமிழ் எழுத்துகளைப் படமாக்கி ஒட்டிவிடுவது. எந்தக் கணினியிலும் தெரியும், யாருக்கும் தொல்லையில்லை.

அம்மூன்றாம் வழியின் விலை பின்னாளில்தான் தெரியவந்தது. படமாக ஒட்டப்பட்ட பெயரைத் தேடுபொறி படிக்காது. பழைய பக்கங்களைச் சேமித்து வைத்துள்ள காப்பகத்திலும் அதனைப் பெயரைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்க இயலாது. பல சமயம் காப்பகம் பக்கத்தின் எழுத்தைச் சேமித்திருக்கும், படத்தைச் சேமித்திராது. ஆங்கிலத்தில் அமைத்த குழுவின் ஆட்டக்காரர் பட்டியல் இன்றும் படிக்கக் கிடைக்க, தமிழில் அமைத்த குழுவின் பட்டியல் இருந்த இடத்தில் ஒரு சிறு வெற்றுக் கட்டம் மட்டும் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். தாய்மொழியில் எழுதவேண்டும் என்று மெனக்கெட்டவரின் உழைப்புக்கு நேர்ந்தது இது. திஸ்கியில் எழுதியவை ஓரளவு தப்பின. கலங்கிய எழுத்துகளாகத் தோன்றினாலும், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் இட்டால் தமிழ் மீண்டும் உயிர்பெறும்.

விண்டோஸ் எக்ஸ்பி பள்ளிகளுக்கு வந்து, இ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சு மென்பொருள்களும் கிடைத்தபிறகு, ஒருங்குறி நிலைபெற்றது. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியை முறைப்படி ஏற்றது.

பிள்ளையின் பெயரும் படமும்

இனி எழுதப்போவது இக்கட்டுரையின் உயிர்நிலை என்று நான் கருதுவது. பெற்றோர்கள் இதனைப் பொறுமையுடன் படிக்கவேண்டும்.

1998இல் அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் ஜியோசிட்டீஸ்மீது நடவடிக்கை எடுத்தது. இணையத் தனியுரிமை தொடர்பில் அவ்வாணையம் எடுத்த முதல் வழக்கு அதுவே. பதிவு செய்வோர் கொடுத்த விவரங்கள் வேறெவருக்கும் கொடுக்கப்படமாட்டா என்று சொல்லிவிட்டு அவற்றை விளம்பரக்காரருக்குக் கொடுத்தது என்பது ஒரு குற்றச்சாட்டு. சிறுவர் மன்றம் ஒன்றின் வாயிலாகப் பிள்ளைகளிடம் திரட்டப்பட்ட விவரங்கள் யார் கைக்குப் போகின்றன என்பதை மறைத்தது என்பது மற்றொன்று. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே உடன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் சிறுவர் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2000 ஏப்ரல் 21 முதல் நடப்புக்கு வந்தது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோரிடம் விவரம் திரட்டுமுன் பெற்றோரின் இசைவைப் பெறவேண்டும் என்பது அதன் சாரம். பல தளங்கள் இன்றுவரை பதின்மூன்று வயதை எல்லையாக வைத்திருப்பதற்கு இச்சட்டமே காரணம். 2013இல் அதன் விதிகள் திருத்தப்பட்டபோது பிள்ளையின் படம், குரல், இருப்பிடம் ஆகியனவும் தனிவிவரங்களாகச் சேர்க்கப்பட்டன.

அச்சட்டம் கட்டுப்படுத்தியது நிறுவனங்களை. குழுவின் பக்கத்தைக் கட்டிய ஆசிரியரையோ பயிற்றுநரையோ அன்று. ஆட்டக்காரரின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, படம், பள்ளி, பயிற்சி நடக்கும் திடல், நேரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைப்பதுதான் அக்காலத்து வழக்கம். உலகம் முழுதும் அப்படித்தான் செய்தார்கள். செவ்வாய், வியாழன் மாலை நான்கு மணிக்கு இந்தப் பிள்ளை இந்தத் திடலில் இருக்கும் என்று முன்பின் தெரியாதவருக்குச் சொல்வதாகும் அது.

நான் குழுப்பக்கம் ஒன்றைக் கவனித்துவந்த ஆண்டுகளில் ஒரு தாயார் பள்ளிக்கு வந்தார். தம் மகள் வலைப்பந்துக் குழுவில் ஆடுவதில் அவருக்கு மகிழ்ச்சிதான். "சார், அவ படம் மட்டும் வேணாம். பேரும் வேணாம். காரணம் கேக்காதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. அன்றே எடுத்துவிட்டேன். பிரிந்து வாழும் பெற்றோர், பாதுகாப்புக் கருதி வீடு மாறியவர்கள், நீதிமன்றத்தில் பிள்ளையின் பராமரிப்புக்காக வழக்காடுவோர் என எத்தனையோ குடும்பங்கள் நம் பள்ளிகளில் உள்ளன. காரணம் சொல்லும் கடமை பெற்றோருக்கு இல்லை என்பதே என் நிலைப்பாடு. அதன்பின் எங்கள் பக்கத்தில் சட்டை எண்ணும் முதற்பெயரும் மட்டும். தனிப்படம் இல்லை, குழுப்படம் மட்டும். குழுப்படத்தின்கீழ் பெயர் வரிசை இல்லை. அறிமுகமானவருக்கு யார் யார் என்று தெரியும், மற்றவருக்குத் தெரியவேண்டியதில்லை.

சட்டம் நமக்குத் துணை வருமா என்றால், ஓரளவுதான். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அது வணிகப் பரிமாற்றங்களுக்கு உரியது, கூட்டரசு மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. சிங்கப்பூரின் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. அதன் முதன்மை விதிகள் 2014 சூலையில் நடப்புக்கு வந்தன. அதுவும் அரசு அமைப்புகளுக்குப் பொருந்தாது. ஐக்கிய நாட்டவையின் சிறார் உரிமை உடன்படிக்கையை இரு நாடுகளும் 1995இல் ஏற்றுக்கொண்டன. பிள்ளையின் தனிவாழ்வில் தலையிடலாகாது என்று அதன் 16ஆம் விதி கூறுகிறது. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை, வெற்றிக் களிப்பில், எந்தப் படத்தை ஏற்றுவது என்று முடிவு செய்பவர் ஓர் ஆசிரியர்தாம். அந்நேரத்தில் எந்தச் சட்டநூலும் அவர் மேசையில் இருப்பதில்லை.

பக்கங்கள் மறைந்த கதை

1999 கோடையில், யாஹூ புதிய விதிமுறைகளை வெளியிட்டபோது, பயனர் ஏற்றியவற்றின்மேல் நிறுவனத்திற்கு மிகப் பரந்த உரிமை உண்டு என்று அவற்றில் எழுதியிருந்தது. பலர் தம் பக்கங்களின் வண்ணங்களை நீக்கி எதிர்ப்புக் காட்டினர். நிறுவனம் விதிகளைத் திருத்தியது. அதே காலத்தில் பேட்டை முகவரிகளும் கைவிடப்பட்டு, பயனர் பெயரே முகவரி ஆயிற்று. நகரம் என்ற கற்பனை அத்துடன் கலைந்தது.

2009 ஏப்ரலில் ஜியோசிட்டீஸ் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 26ஆம் நாள் மூடப்பட்டது. சப்பானியப் பிரிவு மட்டும் 2019 மார்ச்சு வரை நீடித்தது. ஃப்ரீவெப்ஸ் 2008இல் வெப்ஸ் என்று பெயர் மாறி, 2011இல் கைமாறி, 2023இல் மூடப்பட்டது. கூகள் 2006இல் தொடங்கிய பக்கம் கட்டும் சேவையும் மூன்றாண்டுகளில் நின்றது. அதற்கு மாற்றாக வந்த கூகள் தளமும் 2016இல் புதிய வடிவம் பெற, பழைய வடிவில் கட்டியவர்கள் மாற்றிக்கொள்ளவேண்டியதாயிற்று. மூடும் நிறுவனம் பெரும்பாலும் மின்னஞ்சல் அனுப்பும். அம்மின்னஞ்சல், பள்ளி மாறிப்போன ஓர் ஆசிரியர் எப்போதோ திறந்த, இப்போது திறவாத கணக்கிற்குப் போய்ச்சேரும். பள்ளிக்கு எதுவும் தெரியாது.

ஜியோசிட்டீஸ் மூடப்படுவதற்கு முன் சில தன்னார்வலர்கள் அதனைக் காப்பாற்ற முனைந்தனர். 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகமும், சேசன் ஸ்காட் தலைமையில் திரண்ட ஆவணக் குழுவினரும் இயன்றவரை படியெடுத்தனர். அக்குழு அடுத்த ஆண்டே அதனை யாவரும் தரவிறக்கும்படி வெளியிட்டது. பல நூறு கிகாபைட் அளவு. ஒரு நிறுவனம் கைவிட்டதை ஊதியம் பெறாதவர்கள் எடுத்துக் காத்தனர்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அன்று பத்து வயதில் குழுப்பக்கத்தில் இடம்பெற்ற பிள்ளை இன்று முப்பது வயதைக் கடந்தவர். தம் பெயரும் படமும் காப்பகத்தில் நிலைத்திருப்பதை அவர் விரும்பலாம், விரும்பாமலும் இருக்கலாம். மறைந்தது என்று வருந்தும் நாமே, மறையாமல் நின்றதற்கும் கவலைப்படவேண்டியிருக்கிறது. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஆட்ட முடிவுகளைக் காக்கவும் முகங்களைப் பொதுவிலிருந்து விலக்கவும் சொல்வேன். எல்லா ஆசிரியரும் இதனை ஏற்கமாட்டார்கள் என்பதை அறிவேன்.

2010க்குப் பின் குழுப்பக்கங்கள் அருகின. 2011இல் வகுத்த "ஒரு மாணவர் ஒரு விளையாட்டு" கொள்கையால் பள்ளிகளில் விளையாட்டு நடவடிக்கை பெருகிய அதே வேளையில், செய்திகள் முகநூலுக்கும் பிறகு புலனக் குழுவுக்கும் போய்விட்டன. புலனம் விரைவானது, பேருந்து தாமதம் என்பதை ஒரு நொடியில் நாற்பது பெற்றோருக்குச் சொல்லும். அந்த வசதியை எந்த அகப்பக்கமும் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு குழுவில் சேரும் பெற்றோர் போன ஆண்டுச் செய்திகளைப் பார்க்க முடியாது. ஆறாம் ஆண்டு முடிந்து பெற்றோர் ஒவ்வொருவராக வெளியேற, குழு வெறுமையாகும். கைப்பேசி மாறினால் படங்களும் போய்விடும். 15 மெகாபைட்டில் நாம் கட்டியது பத்தாண்டு நின்றது. இன்று குவியும் ஆயிரம் படங்கள் ஓராண்டு நிற்பதில்லை.

இப்போது அமைக்க விரும்புவோருக்கு

மலேசியாவில் 2020 முதல் இயங்கும் டெலிமா தளத்தின்வழி கல்வியமைச்சு ஆசிரியர்களுக்குக் கொடுத்துள்ள கணக்கிலேயே கூகள் தளம் கட்டும் வசதி உண்டு. விளம்பரம் இராது, யார் பார்க்கலாம் என்பதையும் வரையறுக்கலாம். பக்கத்தை ஓர் ஆசிரியரின் தனிக் கணக்கில் மட்டும் வைக்காமல், குறைந்தது இருவரை உரிமையாளராகச் சேர்த்துவையுங்கள். மாற்றல் கடிதம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெற்றோரின் எழுத்துவழி இசைவை ஆண்டுதோறும் பெறுங்கள். மறுப்பவரிடம் காரணம் வினவாதீர்கள். பயிற்சி நேரமும் இடமும் புலனக் குழுவோடு நிற்கட்டும். தமிழை ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்யுங்கள். அழகுக்காகப் பெயர்களை வரைகலைப் படமாக்கும் பழக்கம் இப்போது சுவரொட்டிச் செயலிகளால் மீண்டும் வந்திருக்கிறது, அதில் கவனம் தேவை. ஆண்டு முடிவில் முடிவுகளையும் ஆட்டக்காரர் பட்டியலையும் தாளில் அச்சிட்டுப் பள்ளி நூல்நிலையத்தில் ஒரு கோப்பில் வையுங்கள். அக்கோப்பைத் திறக்க எழுத்துரு வேண்டியதில்லை.

உங்கள் பள்ளிக் குழுவுக்கு 2009க்கு முன் இலவசத் தளம் ஏதேனும் இருந்து, அதன் முகவரி பழைய ஆண்டிதழிலோ அழைப்பிதழின் அடியிலோ அச்சாகி இருந்தால், அதனை எனக்கு எழுதி அனுப்புங்கள். முகவரி முழுமையாக இருக்கவேண்டும். பேட்டைப் பெயரும் வீட்டெண்ணும் இருந்தால் மிக நன்று. காப்பகத்தில் தேடிப் பார்த்து, கிடைத்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, அந்தந்தப் பள்ளிக்கே அனுப்பிவைக்கிறேன்.